ஓரத்தில் ஒரு கை

டெக்கின் வாய்க்குள் கேசட்டைத் தள்ளினால் உள்ளிருந்து ஏதோ அதை இழுத்து விழுங்கும், ஞாபகம் இருக்கிறதா? முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு 'கடக்'. என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். விழுங்கிய பிறகு கொஞ்ச நேரம் திரை வெறும் நீலமாக நிற்கும். படமும் இல்லை, இருட்டும் இல்லை. யாரோ உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற அந்த நீலத்துக்கு நான் இன்றும் பயப்படுகிறேன்.

எனக்குப் பத்து வயது. ஆற்றுத் தண்ணீர்க் கலவரம் அடங்கி மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்துத் தியேட்டரில் தமிழ்ப் படம் போடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே தணிந்த குரலுக்குப் பழகியிருந்தது. பஸ்ஸில் கன்னடம், வீட்டில் தமிழ், தெருமுனையில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கேசட் கடைக்காரரும் தமிழ் கேசட்டுகளைக் கண்ணாடி அலமாரியிலிருந்து மேசைக்கு அடியில் இறக்கிவிட்டார். அவரைத் தெருவே பாய் என்றுதான் அழைக்கும். மருதாணிச் சிவப்பில் தாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளேடு. அறுந்த டேப்பை வெட்டி ஒட்டுவதில் அவரைப் போல ஆள் கிடையாது என்பார்கள்.

"புதுப் படம் ஒண்ணும் வரல பாப்பா. இதை எடுத்துட்டுப் போ. படம் பழசு, பிளாக் அண்ட் ஒயிட்டு. கேசட் மட்டும் புதுசு, போன வாரம்தான் வெளிய விட்டிருக்கான். நல்லா சிரிப்பு வரும்."

சிரிப்புப் படம் என்பதால்தான் வாங்கி வந்தேன்.

மஸ்கட்டிலிருந்து வந்த மாமா திரும்பிப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுப்போன டெக் அது. டிவிக்கு மரத்தில் இரண்டு கதவுகள் உண்டு, மடித்து மடித்து இழுத்து மூடலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அப்பா, அம்மா, அத்தை, நான், எதிர்வீட்டு ஆன்ட்டி என்று உட்கார்ந்தோம்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா, கல்யாணம் ஆகாதவள், ஒரு கான்வென்ட்டில் தையல் டீச்சர். என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதும் அவள்தான். ஆனால் ரோடு தாண்டும்போது என் கையைப் பிடிக்கமாட்டாள். முதுகுப் பையின் வாரைப் பிடித்துக்கொள்வாள், கன்றுக்குட்டியைப் பிடிப்பது போல. ஏன் என்று அம்மா ஒருமுறை அடுப்படியில் சொன்னாள். அப்பாவுக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தானாம். மூன்று வயதில், தண்டு ஸ்டேஷனில் சினிமா ஷூட்டிங் பார்க்கப் போன கூட்டத்தில் காணாமல் போய்விட்டான். கன்டோன்மென்ட் ஸ்டேஷனை எங்கள் பெரியவர்கள் தண்டு என்றுதான் சொல்வார்கள். அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் அத்தை, எட்டு வயது. நடிகையைப் பார்க்கிற மும்முரத்தில் கையை விட்டுவிட்டாள். அதுதான் வீட்டின் தீர்ப்பு. மறு வருடம் அப்பா பிறந்தார். காணாமல் போனவனின் பெயரையே ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்தார்கள்.

அது என்ன படம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஷூட்டிங் என்று மட்டும்தான் தெரியும்.

படம் ஓடியது. சண்டையெல்லாம் ஓய்ந்து உலகம் மறுபடி சிரிக்கக் கற்றுக்கொண்ட காலத்துப் படம். எல்லாருடைய கன்னமும் பளபளவென்று இருந்தது. வேலையில்லாத ஒரு கடிகார ரிப்பேர்க்காரனும், வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பணக்காரப் பெண்ணும் ஸ்டேஷனில் ஒரே டிரங்குப் பெட்டிக்குச் சண்டை போடுகிறார்கள். அவன் பெட்டியின் ஒரு முனையில் உட்கார, அவள் மறுமுனையில் உட்கார, இரண்டு பேரும் வழுக்கி வழுக்கி நடுவுக்கு வருகிறார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரித்தார். நானும்தான்.

அத்தை எழுந்து நின்றாள்.

"நிறுத்து."

நான் பாஸ் பட்டனை அழுத்தினேன். படம் நின்று நடுங்கியது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மேலும் கீழும் ஊர்ந்தது.

"தம்பி" என்றாள் அத்தை.

"என்னக்கா?" என்றார் அப்பா.

"நீ இல்லடா."

அவள் விரல் திரையைத் தொட்டது. கதாநாயகியின் தோளுக்குப் பின்னால், கூட்டத்தின் கால்களுக்கு நடுவில், அரை டிராயர் போட்ட ஒரு சின்னப் பையன். எல்லோரும் கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவன் கையைப் பிடித்திருந்தது. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. கண்ணாடி வளையல் இரண்டு, கறுப்புக் கயிறு ஒன்று. அந்தக் கைக்குச் சொந்தக்காரி படத்துக்கு வெளியே இருந்தாள்.

எதிர்வீட்டு ஆன்ட்டி சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அப்பா சொன்னார், "ஊர்ல எத்தனையோ பசங்க. போடு, படத்தைப் போடு."

போட்டேன். ஒரு விநாடி. ஓரத்தில் அந்தக் கை இல்லை. பையன் மட்டும் நிற்கிறான், கை அந்தரத்தில். கதாநாயகி கோபமாகத் தலையை ஆட்டுகிறாள், அவள் கொண்டை அவனை மறைக்கிறது. கொண்டை விலகும்போது அந்த இடத்தில் ஒரு தூண் இருக்கிறது. அவ்வளவுதான்.

அதன் பிறகு வியாழக்கிழமைகள். விவேக் நகர் குழந்தை யேசு கோயிலில் நவநாள் முடித்து, மெழுகுவர்த்தி வாசனையோடு அத்தை நாலு மணிக்கு வருவாள். வரும் வழியிலேயே பாய் கடையில் அந்தக் கேசட்டை எடுத்திருப்பாள். அம்மா உள்ளே தூங்குவாள். அப்பா ஆபீஸ் விட்டு வர ஏழு ஆகும். டெக்கை இயக்குவது என் வேலை, அத்தைக்கு அந்தப் பட்டன்கள் பிடிபடவில்லை. முழுதாக ரீவைண்ட் செய்து பூஜ்யத்திலிருந்து ஓடவிட்டால் அந்த இடம் 2316-இல் வரும். டெக்கின் நெற்றியில் பச்சையாக ஓடும் எண்கள். 2300 தாண்டியதும் என் விரல் பாஸ் பட்டன் மேல் போய் நிற்கும்.

"விரலை நான் விட்டனா, அவன் உருவிக்கிட்டானா, அதை மட்டும் பாத்துச் சொல்லு. உன் கண்ணு சின்னக் கண்ணு. நல்லாத் தெரியும்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மாதா மாதம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, 'தம்பி கையை விட்டேன், சாமி' என்று சொல்லிவந்தாள். சாமியார்கள் மாறினார்கள். பாவம் மாறவில்லை. "சோப்பு வழுக்கிற மாதிரி வழுக்கிச்சு, என் விரல் தானாத் தொறந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்பாள். ஆனாலும் பார்க்க வேண்டும் அவளுக்கு.

நான் பார்த்தேன். ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினேன். கை இருக்கும். கை இருக்கும். கை மங்கும். கை இருக்காது. நடுவில் என்ன நடந்தது என்று அந்தக் கேசட் சொல்லவில்லை. ஒருநாள் அவளைச் சந்தோஷப்படுத்துவதற்காக, "அவன்தான் உருவிக்கிட்டான் அத்தை" என்றேன்.

"பொய் சொல்லாத. நடிகையைப் பாக்காத. கையைப் பாரு."

இப்போது உங்களிடம் சொல்லலாம்; அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பையன் இடம் மாறுகிறான் என்று நான் நம்பினேன். முதல் ஞாயிறு அவனுக்கும் நமக்கும் நடுவில் இரண்டு தூண்கள் இருந்தன. மூன்றாவது வியாழன் ஒன்றுதான் இருந்தது போலிருந்தது. அவன் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வருகிறான். ஒருநாள் அத்தை முகம் கழுவப் போன நேரத்தில் நான் திரைக்குப் பக்கத்தில் போனேன். கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது. விரல் நுனியால் அவன் முகத்தைத் தொட்டேன். சுரீர் என்றது. அதே சமயம் அதிக நேரம் நிறுத்தி வைத்த டெக் தானாக அணைந்தது, திரை ஒரு நொடி கறுப்பானது, அந்தக் கறுப்புக் கண்ணாடியில் நான் தெரிந்தேன். இடது ஓரத்தில், கையை நீட்டியபடி. பிறகு நீலம்.

அன்றிலிருந்து மரக்கதவை மூடினாலும் போதாமல் மேலே துண்டு ஒன்றும் போட்டு வைப்பேன். துண்டு எதற்கு என்று அம்மா கேட்பாள். தூசி என்பேன்.

இன்னொன்றும் நடந்தது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நிறுத்தினால் டேப் தேயும். உங்களுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. முதலில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். பிறகு அவன் கண்கள் போயின. கண் போன பிறகும் அவன் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெட் கிளீனர் கேசட் போட்டுத் துடைத்துப் பார்த்தேன், ஸ்பிரிட் வாசனைதான் வந்தது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் படம் பளிச்சென்று இருக்கும். 2316-இல் மட்டும் பனி பெய்யும். அந்தப் பனிக்குள் கதாநாயகி சிரிப்பாள்.

"என்னா பாப்பா, வாராவாரம் எடுத்துட்டுப் போறாங்களே உங்கத்தை" என்றார் பாய். "ஊர்ல இருக்கிற ஒரே காப்பி. சும்னே ஒரே எடத்தைத் தேச்சா டேப்பு நிக்குமா? பாதிப் படம் நல்லாயிருக்கு, அங்க மட்டும் சொறி பிடிச்சிருக்கு."

நான் அத்தையிடம் சொல்லியிருக்கலாம். பார்க்கப் பார்க்க அவன் அழிகிறான் என்று. சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள், நிறுத்தினால் அவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாமல் போகும்.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னை பேக்கரிக்குக் கூட்டிப்போய் தில்பசந்த் வாங்கித் தந்தார். தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் உள்ளே சூடாக இருந்தன. நடந்து வரும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"அத்தை நிறுத்தச் சொல்லும்ல, அது எந்த நம்பர்ல வருது?"

"ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறு" என்றேன். பாடத்தில் கேட்ட கேள்வி போலப் பெருமையாகச் சொன்னேன். வாயெல்லாம் இனிப்பு.

அடுத்த வியாழன். 2300. 2310. டிரங்குப் பெட்டி, வழுக்கல், அவன் ஒரு முனை, அவள் ஒரு முனை. ஒரு வெட்டு. திரை குதித்தது. உட்கார்ந்திருந்த கதாநாயகி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் தூண்.

அத்தை தான் கண்ணைச் சிமிட்டிவிட்டதாக நினைத்தாள். "திருப்பு" என்றாள். திருப்பினேன். குதித்தது. "திருப்பு." குதித்தது. பனிகூட இல்லை. ஆறேழு முறைக்குப் பிறகு அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாத முகம். சின்ன வயதில் யாரோ அவளைக் கேட்ட கேள்வி, அப்படியே, அதே அவசரத்தோடு, அவள் வாயிலிருந்து வந்தது.

"நீ பாத்துக்கிட்டுத்தானடி இருந்த?"

அந்தக் கேள்வியை நாற்பது வருடமாக ஒருத்தி வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அன்று மாலை அம்மா அப்பாவிடம் அடுப்படியில் சண்டை போட்டது கேட்டது. "பாயைக் கேட்டேன். நீங்கதான் வெட்டச் சொன்னீங்களாமே."

"டேப்பு கெட்டுப்போச்சுன்னு அவனே வெட்டறதா இருந்தான். நான் நம்பர் மட்டும்தான் சொன்னேன். பைத்தியம் பிடிச்சிடும் அதுக்கு, உனக்குத் தெரியாது."

"யாருக்குப் பைத்தியம்? உங்களுக்கு அவன் ஒருத்தன் நடுவுல நிக்கறது பிடிக்கல."

அப்பா செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். இன்னொருவன் பெயரோடு வளர்ந்தவர் அவர். 'எங்கம்மா கூப்பிட்டா நான் ரெண்டு வாட்டி யோசிப்பேன், என்னையா அவனையான்னு' என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அக்காளின் நல்லதுக்காக வெட்டச் சொன்னதாக அவர் நம்பினார். அந்தத் துண்டு டேப், ஒரு சாண் நீளம் இருக்குமா, பாய் கடைக் குப்பையில் சுருண்டு கிடந்திருக்கும். அதற்குள் அவன்.

அத்தை அதன்பின் டிவி இருக்கும் அறையில் உட்காரவே இல்லை. பாவசங்கீர்த்தனம் மட்டும் தொடர்ந்தது.

வருடங்களைத் தாண்டிவிடுகிறேன். பாய் கடை செல்போன் ரீசார்ஜ் கடை ஆனது. நான் கல்லூரியில் படித்தபோது மெஜஸ்டிக் நடைபாதையில் அதே படம் விசிடியாகக் கிடைத்தது, இரண்டு தட்டு. ஒளித்து வைத்துத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். ஸ்டேஷன் காட்சி இருந்தது. பையனும் இருந்தான். ஆனால் படம் முழுக்க சின்னச் சின்னக் கட்டங்கள், அவன் முகம் நாலு சாம்பல் சதுரம். ஓரத்துக் கை ஒரு வெள்ளைச் சதுரம். அது வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடியதாக இல்லை. சதுரங்களை வைத்துக்கொண்டு அத்தை என்ன செய்வாள்?

பிறகு வைட்ஃபீல்டில் வேலை, விடுதி அறை, ஷட்டில் பஸ். அங்கே ஒரு மாலுக்குள் இருந்த கடையில் டிவிடி. அட்டையில், மூல நெகட்டிவிலிருந்து புதிதாக எடுத்தது, முழுச் சட்டகம் என்று போட்டிருந்தது. சனிக்கிழமை காலை, ஜன்னலில் நல்ல வெயில், லேப்டாப்பில் போட்டேன். அவ்வளவு துல்லியமாக அந்த ஸ்டேஷனை நான் பார்த்ததில்லை. தூணில் காறை பெயர்ந்தது தெரிந்தது. பையனின் சட்டையில் ஒரு பித்தான் இல்லை. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. கேசட்டில் படத்தின் ஓரங்களை இவ்வளவு காலமும் வெட்டியே காட்டியிருந்தார்கள். இடது பக்கம் இரண்டு விரற்கடை அகலம் எனக்குப் புதியது.

லேப்டாப்பை மூடிவிட்டேன். அறைத்தோழி, "என்னடி, பேய்ப் படமா?" என்று கேட்டாள்.

மதியமே ஆஸ்டின் டவுன் போய்விட்டேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டியிருந்தாள், ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. நான் பிளேயரில் தட்டைப் போட்டுவிட்டு, "அத்தை, வந்து உக்காரு" என்றேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அப்பா பேப்பரை மடித்தார்.

"வேணாம்" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா, உள்ளிருந்து வந்து.

டிரங்குப் பெட்டி. வழுக்கல். நான் நிறுத்தினேன்.

டிவிடியில் நிறுத்தினால் படம் நடுங்காது. கோடு ஊராது. அத்தனை பேரும் உயிரை யாரோ பிடித்து வைத்தது போல நின்றார்கள். இடது ஓரத்தில், இத்தனை காலம் வெறும் மணிக்கட்டாக இருந்தவள், முழுதாக நின்றாள். சட்டை, பாவாடை, எண்ணெய் வழியும் இரட்டைச் சடை. அவள் நடிகையைப் பார்க்கவில்லை. அவள் மேல்கையை வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஓர் ஆள் பிடித்துப் பின்னால் இழுக்கிறான். கையில் காகிதச் சுருள் வைத்திருந்தான், ஷூட்டிங் கூட்டத்தை ஒதுக்குகிறவனாக இருக்கும். ஒரு கட்டம் நகர்த்தினேன். அவள் சாய்கிறாள். இன்னொன்று. பையனின் விரல்களைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நீள்கின்றன, நீள்கின்றன, வளையல் முழங்கைக்கு ஏறுகிறது, வாய் திறந்திருக்கிறது. இன்னொன்று. கை பிரிந்தது. அப்போதும் அவள் விரல்கள் மூடித்தான் இருந்தன, பிடித்தபடி.

வெளியே ஆட்டோ ஒன்று கன்னடப் பாட்டோடு போனது.

"யாரோ ஒரு பொண்ணு" என்றார் அப்பா.

"உங்கக்காதான். அந்த முழியைப் பாருங்க" என்றாள் அம்மா.

அத்தை சொன்னாள்: "நான் அன்னிக்கே சொன்னேன். ஒருத்தர் இழுத்தாருன்னு. பொய் சொல்றியான்னு அடிச்சாங்க. மூணு நாள் அடிச்சாங்க. அப்புறம் நான்தான் விட்டேன்னு சொன்னேன். அடி நின்னுச்சு." கையிலிருந்த நாடாவை விரலில் சுற்றினாள். "அப்புறம் எனக்கே அப்படித்தான் ஞாபகம் வந்துச்சு. சோப்பு மாதிரி."

அப்பா எழுந்தார். எங்கோ போகப் போனவர் கதவருகிலேயே நின்றார், கையில் மடித்த பேப்பரோடு. "அக்கா" என்றார்.

அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. பையனையும் பார்க்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, நல்ல கண்ணைத் திரைக்குக் கொடுத்து, அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ சின்னப் பொண்ணாடி நான்?"

"ஆமா அத்தை."

"நான் பெரியவள்னு நெனச்சிட்டிருந்தேன்."

அந்த மாதிரி பிளேயர்களில் ஒரு வழக்கம் இருந்தது: அஞ்சு நிமிஷம் படத்தை நிறுத்தி வைத்தால் தானாகத் திரை கறுத்துவிடும், கறுப்பில் ஒரு சின்னப் பெயர்ப்பலகை மூலைக்கு மூலை மோதி அலையும். கறுத்தது. அத்தை பதறி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்கடி போனா?"

ஒரு பட்டனைத் தொட்டேன். வந்துவிட்டாள், அதே வாய், அதே வளையல். ஆனால் அத்தை என் கையை விடவில்லை. மறுபடி அஞ்சு நிமிஷம், மறுபடி கறுப்பு, மறுபடி தொட்டேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அப்பா கதவருகில் நின்றவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு ஏறியது. போதும் என்று அத்தை சொல்லும் வரை, அவள் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.